சாம்பார்ப் பொடியில் முடிந்த காசு

சாமி இல்லை என்று சொல்வதற்கு எங்கள் குடும்பத்தில் நல்ல பயிற்சி உண்டு. அப்பா வருஷம் முழுக்கக் கறுப்புச் சட்டை போட்டவர். வெளுத்துச் சாம்பல் நிறமாகிப் போனாலும் அடுத்த சட்டையையும் கறுப்பிலேயே எடுப்பார். நான் அந்த அளவுக்குத் தீவிரம் இல்லை. சாமி இல்லை என்பது எனக்குக் கொள்கை என்பதைவிட வசதி. விடியற்காலையில் எழ வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், முக்கியமாக மொட்டை போட வேண்டாம். இருக்கிற கொஞ்சம் முடியைப் பரப்பி வைத்துத்தான் ஐம்பதுகளை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்ட ஆளைப் பிடித்துத்தான், உயிர் பிழைக்கப் போராடும் ஒருவனைப் பற்றிய நாவலில் பயமும் பக்தியும் எப்படி வருகின்றன என்று பேசச் சொன்னார்கள்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிற வாசகர் வட்டம் எங்களுடையது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். நெற்றி நிறையத் திருநீறு. எல்லாரையும் அவர் அண்ணாச்சி என்பார், எல்லாரும் அவரை அண்ணாச்சி என்போம். இடமும் டீயும் அவர் உபயம். புத்தகம் படிக்க அவருக்கு நேரமில்லை. கடைசி வரிசையில் புடவைப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடிகிற நேரத்தில் ஒரே கேள்வி கேட்பார்: "அதெல்லாம் சரி அண்ணாச்சி. கடைசில அவன் பொழச்சானா இல்லியா?"

அந்த மாத நாவலில், மலைப்பாதையில் போகிற பேருந்து ஒன்று மண்சரிவில் புதைந்துபோகிறது. பயணிகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியை டிப்போவுக்குக் கொண்டுபோகும் ஓட்டுநர் மட்டும் உள்ளே. ஜன்னலுக்கு வெளியே எல்லாப் பக்கமும் மண். ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு சின்னச் சாமி படம், அதைச் சுற்றிக் காய்ந்த பூ. முந்நூறு பக்கத்துக்கு அவனும் அந்தப் படமும்தான். முதலில் கும்பிடுகிறான். பிறகு பேரம் பேசுகிறான். உயிரோடு வெளியே விட்டால் கோயிலுக்கு வெண்கல மணி வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொள்கிறான். தூரத்தில் மண் தோண்டும் சத்தம் கேட்டதும் பெரிய மணி சின்ன மணியாகிறது. சத்தம் நின்றதும் மறுபடி பெரிய மணி. அப்புறம் சண்டை. அப்புறம் சும்மா, வீட்டில் என்ன குழம்பு, யாருக்குக் கல்யாணம் என்று அந்தப் படத்தோடு ஊர்க்கதை.

எனக்கு ஒரே கொண்டாட்டம். மார்ஜின் முழுக்கக் கிண்டலாக எழுதி வைத்தேன். 'மணி வியாபாரம்' என்று ஒரு இடத்தில். 'எழுத்தாளருக்குக் கதை தீர்ந்துவிட்டது, ஆண்டவனைக் கூப்பிடுகிறார்' என்று இன்னொரு இடத்தில். பேச்சுக்குத் தலைப்பும் தயார்: பயத்தின் பிள்ளை கடவுள். கடைசி அத்தியாயத்தை மட்டும் படிக்கவில்லை. அதைப் படிக்காமலே பேச முடிகிற அளவுக்கு எனக்குத் தைரியம் இருந்தது. அப்போது.

பேச்சை மனைவியிடம் ஒத்திகை பார்த்தேன். அவள் மயிலாப்பூரில் பிறந்து, தேர் ஓடுகிற தெருவில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு சாமியைச் சமையலறைக்குள் குடியமர்த்தியவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மசாலா டப்பாக்களுக்கு நடுவில் ஒரு சின்ன விளக்கு எரியும். நான் அதைப் பார்த்து, "இன்னிக்கு மிளகாய்த்தூள் சாமிக்கு விசேஷமா?" என்பேன். அவள் திரியைத் தூண்டிவிடுவாள்.

ஒத்திகையைக் கேட்டுவிட்டு அவள் சொன்னது ஒன்றுதான்.

"அப்புறமெல்லாம் அவன் எதையும் கேக்கலங்க. பேச ஆள் இல்லாம பேசறான்."

"அதத்தான் நானும் சொல்றேன். பயம்."

"நீங்க பயந்ததே இல்ல, பாவம்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அந்த வாரம்தான் மழை.

சென்னைக்காரனுக்கு மழை என்றால் முதலில் ஞாபகம் வருவது குடை இல்லை, மேம்பாலம். புயல் எச்சரிக்கை வந்ததும் காரை ஓட்டிக்கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, பம்பரைத் தட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவது இப்போது எங்கள் ஊர் வழக்கம். அந்த நேரத்தில் பாலத்தில் ஏறிப் பார்த்தால் ஏதோ திருவிழா மாதிரி இருக்கும். கண்ணாடியில் எலுமிச்சம்பழம் தொங்கும் கார், பிறை ஒட்டிய கார், சிலுவை ஒட்டிய கார், எல்லாம் ஒரே வரிசையில், ஒரே நம்பிக்கையில்.

எங்கள் வீடு அடையாற்றில், ஆறு கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். மூன்று மாடிக் குடியிருப்பு. கீழே தூண்களுக்கு நடுவே கார் நிறுத்துமிடம், முதல் மாடியில் நாங்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், தண்ணீரில் ஓட்டத் தெரியாது. முன்னால் போகிற லாரி கொஞ்சம் தெளித்தால்கூட வைப்பரோடு சேர்ந்து நானும் தலையை ஆட்டுவேன்.

காலையில் அவள் சாவியைத் தேடினாள்.

"இப்பவே எதுக்கு? நம்ம தெரு மேடு."

"போன தடவையும் மேடுதான்னீங்க. சீட்டெல்லாம் ஆறு மாசம் மீன் வாசனை அடிச்சுது."

"அப்ப நான் போறேன்."

"நீங்க போனா நான் காரையும் பாக்கணும், உங்களையும் பாக்கணும். நான் போறேன். நீங்க உக்காந்து கவலப்படுங்க, அது உங்களுக்கு நல்லா வரும். விட்டுட்டு ஒரு ஆட்டோ புடிச்சு வந்துடறேன்."

நான் அந்த ஏற்பாட்டுக்குச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். பால்கனியில் நின்று கையைக்கூட ஆட்டினேன். பின் சீட்டில் என் நாவல் கிடந்தது.

அவள் திரும்பியிருக்க வேண்டிய நேரம் தாண்டியது. மழை அதற்குள் வேறு ஏதோவாகிவிட்டிருந்தது. தண்ணீர் தெருமுனையிலிருந்து ஓடி வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அது சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு, எங்கள் வாசலிலேயே எழுந்து நின்றது. கரண்ட் போனது. அவள் போனுக்கு அடித்தேன். முதலில் மணி அடித்தது. அப்புறம், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சொன்னது. அந்தப் பதிவுக் குரலிடம், "எந்த எல்லைம்மா?" என்று நான் கேட்டேன். பதில் சொல்லாமல் அதுவும் போய்விட்டது.

சிக்னல் சாவதற்கு முன்னால் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கடைசியாக வந்து விழுந்தது இது: 'மேம்பாலம் எறக்கத்துல ஒரு வெள்ளை கார் அடிச்சிட்டு போகுது. உள்ள ஒரு லேடி இருக்காங்களாம்.'

சென்னையில் பாதிக் கார் வெள்ளை. வெயிலுக்கு நல்லது என்று எல்லாரும் வெள்ளைதான் வாங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த நிமிஷத்தில் ஊரில் ஒரே ஒரு வெள்ளைக் கார்தான் இருந்தது.

நான் வீரமாகக் கிளம்பினேன். கையில் குடை. இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கப்போகிறவனுக்குக் குடை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, யாரும் இல்லை. படியில் இறங்கினேன். முழங்கால். தொடை. கேட்டை எட்டும்போது இடுப்பு. காலில் ஏதோ நீளமாகச் சுற்றியது. "பாம்பு!" என்று நான் போட்ட சத்தத்தில் மேல்மாடி ஜன்னல்கள் திறந்தன. மிதந்து வந்தது தரை துடைக்கிற மாப். அதன் நூல்கள் என் காலைப் பாசத்தோடு பிடித்திருந்தன. உதறிவிட்டு இன்னும் இரண்டு எட்டு வைத்தேன். தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவது என்றால், ஒரு பைக்கைப் படுக்க வைத்து இழுத்துக்கொண்டு ஓடியது. கேட்டின் கம்பியைப் பிடித்த கையை என்னால் விட முடியவில்லை. விடு என்று கைக்குச் சொல்கிறேன். கை கேட்கவில்லை.

திரும்பி வந்து படியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு படியாகத் தண்ணீர் ஏறி வந்தது. நான் ஒவ்வொரு படியாக மேலே போனேன்.

அந்த நாவலில் எழுத்தாளர் பயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். நெஞ்சு அடித்துக்கொள்வது, நாக்கு வறள்வது எல்லாம். கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்குப் பெரிய கஷ்டம் கைதான். அதற்குச் செய்ய ஒன்றும் இல்லை. போனைத் தூக்கியது, வைத்தது. கதவைத் திறந்தது, மூடியது. ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து யாருக்கோ என்று மேஜையில் வைத்தது. இந்தக் கைக்கு ஒரு வேலை கொடுக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியபோதுதான் மஞ்சள் துணி ஞாபகம் வந்தது.

எனக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோது அவள் செய்தது. துணியை மஞ்சளில் நனைத்து, ஒரு ரூபாய்க் காசை அதில் முடிந்து, சாமி பேரைச் சொல்லி வைத்துவிடுவது. காரியம் நல்லபடி முடிந்தால் அந்த முடிச்சைக் கொண்டுபோய்க் கோயில் உண்டியலில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பாதிப் பேர் உயிர் இப்படித்தான் முடிச்சில் இருந்திருக்கிறது. "ஒரு ரூபாய்க்கு எந்த சாமி ஆபரேஷன் பண்ணும்? டாக்டர் ஃபீஸ் தெரியுமா?" என்று நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்தேன். தையல் இழுத்தது.

இப்போது காசு தேடினேன். இல்லை. வீடு முழுக்க ஒரு காசு இல்லை. கீரைக்காரம்மா முதல் கோயில் உண்டியல் வரை கட்டம் போட்ட க்யூஆர் அட்டைக்கு நேரே போனைத் தூக்கிக் காட்டிப் பழகிவிட்ட வீடு. அவள் கைப்பைகளைக் கவிழ்த்தேன். பேன்ட் பைகள், சோபா இடுக்கு, வாஷிங் மெஷினின் வடிகட்டி. வடிகட்டியில் ஒரு பொத்தானும் பழைய சினிமா டிக்கெட்டும் கிடைத்தன. பொத்தானை முடியலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மேல்மாடிக்கு ஓடினேன். அங்கே ஒரு பாய் குடியிருக்கிறார். தி.நகரில் சின்னப் பட்டறை வைத்துப் பட்டு ரவிக்கைகளில் ஆரி வேலை செய்து கொடுப்பவர். வீட்டில் உருது, வாசலைத் தாண்டினால் அசல் மெட்ராஸ் தமிழ்.

"இன்னா சார், பாம்பு கடிச்சிட்ச்சா?"

"பாய், ஒரு ரூபா இருக்கா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இடுப்புவரை சேறு. கையில் விரித்த குடை. வீட்டுக்குள்.

"ஊரே முழுகிக்கினு கீது. ஒர்ருபா வெச்சிக்கினு இன்னா சார் வாங்கப் போற?"

சொன்னேன். கார், மேம்பாலம், வாட்ஸ்அப் செய்தி. பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய், ஒரு டப்பாவைக் குலுக்கி ஒரு காசு எடுத்து வந்தார்.

"எங்க வூட்லயும் இது கீது சார். இமாம் ஜாமின்னு சொல்லுவோம். ஊருக்குப் போறவங்க கையில துணியில காசு வெச்சுக் கட்டி உடுவாங்க. பத்திரமா போய்ச் சேந்ததும் அவுத்து இல்லாதவங்களுக்குக் குடுத்துடணும்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா அத்த கெளம்பறதுக்கு முன்னாடி கட்டணும் நைனா. நீ ஆள அனுப்பிட்டு அப்பாலிக்கா கட்ற."

காசை வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

அடுத்தது மஞ்சள் துணி. அலமாரியைத் திறந்தால் அப்பாவின் ஞாபகமாக வைத்திருந்த கறுப்புச் சட்டைதான் மேலே கிடந்தது. அதை எதில் நனைத்தாலும் மஞ்சள் ஆகாது. அப்பா முன்யோசனைக்காரர். வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். எல்லா டப்பாவும் ஒரே மாதிரி எவர்சில்வர். இத்தனை வருஷத்தில் எதில் எது இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. மழை இருட்டில் ஒன்றைத் திறந்து, அள்ளி, தண்ணீர் விட்டு, கைக்குட்டையைப் புரட்டினேன். மூக்குக்குத் தெரிந்துவிட்டது. சாம்பார்ப் பொடி. அதை அலசிவிட்டு வேறு டப்பா தேடும் பொறுமை எனக்கு இல்லை. அதிலும் மஞ்சள் போட்டுத்தானே அரைப்பார்கள் என்று சாமிக்கு விளக்கம் சொன்னேன். ஆமாம், அப்போதே சாமியிடம் பேச ஆரம்பித்துவிட்டேன்.

காசை வைத்து முடிய ஆரம்பித்தேன். ஈரத் துணியில் முடிச்சு விழவில்லை. மயிலாப்பூர் அம்மனைக் கூப்பிட்டேன், என் மனைவி பிறந்த ஊர் என்ற உரிமையில். கூடவே அம்மனின் புருஷனை. கடற்கரைப் பக்கம் மாதா கோயில் ஞாபகம் வந்தது, மாதாவைக் கூப்பிட்டேன். பாய் காசு என்பதால் தர்காவில் அடங்கியிருக்கும் பெரியவரை விட்டால் மரியாதை இல்லை. தெருமுனைப் பிள்ளையார், அவர் இந்நேரம் கழுத்தளவு தண்ணீரில் இருப்பார், ஆனாலும் கூப்பிட்டேன். அம்மா வழிக் குலசாமியின் பேர் தெரியாது. 'ஐயா, உங்களைத்தான்' என்றேன்.

எல்லாரிடமும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். அந்தக் காரில் இருப்பது அவளாக இருக்கக் கூடாது.

முடிச்சு எப்போதோ விழுந்திருந்தது. யார் பேரைச் சொல்லும்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

நிம்மதி வந்ததா என்றால், இல்லை. அந்தச் சிவப்பு மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். பாய் வந்து இரண்டு படி மேலே உட்கார்ந்தார். அவருடைய பட்டறையும் முழுகியிருக்கும். அதைப் பற்றி அவர் பேசவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"பாய், ஓதினா பயம் போகுதா?"

"எங்க சார் போவுது? நான் ஓதறேன். அதுவும் பக்கத்துல குந்திக்கினு என்னோட சேந்து ஓதுது."

மழை கொஞ்சம் தணிந்தது, தண்ணீர் தணியவில்லை. அப்பாவின் நினைவு வந்தது. சாகும்போதுகூட அவர் யாரையும் கூப்பிடவில்லை. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் அன்று படியில் உட்கார்ந்திருந்தபோது, அவர் கட்டிலைச் சுற்றி நாங்கள் எல்லாரும் நின்றிருந்தோமே என்று தோன்றியது. என்னைச் சுற்றித் தண்ணீர் நின்றது.

பொழுது சாயும் நேரத்தில் தெருவில் ஒரு குரல். நொச்சிக்குப்பத்திலிருந்து மீன்பிடிப் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து தெருத்தெருவாக இறக்கிவிட்டிருந்தார்கள். எங்கள் தெருவில், கார்கள் போகிற இடத்தில், ஒரு நீலப் படகு வந்தது. நடுவில் என் மனைவி. ஒரு கையில் செருப்பு, மறு கையில் என் நாவல்.

நான் படியிறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா சார், போட்ட புட்ச்சிக்கினு நிக்கிற? போட்டு என்னுது, வூட்டம்மாதான் உன்னுது, அத்த புடி" என்றார் துடுப்புப் போட்டவர். "வழியெல்லாம் என் வூட்டுக்காரு இன்னா பண்றாரோ, இன்னா பண்றாரோன்னு பொலம்பிக்கினே வந்துச்சு. நல்லாத்தான கீற?"

"நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். அவ்வளவு அபாண்டமான பொய்யை நான் அதற்கு முன் சொன்னதில்லை.

படி ஏறும்போது அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஏங்க, உங்க மேல என்ன சாம்பார் வாசனை?"

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தான் வரைக்கும். அவள் சிரித்த சிரிப்பில் மெழுகுவர்த்தி அணைந்து, மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. பாலத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறிவிட்டதாகவும், பகல் முழுக்கக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னாள்.

"அந்த வெள்ளைக் கார்?" என்றேன்.

சிரிப்பு நின்றது. "பாத்தேன். பாலத்து மேலேருந்து எல்லாரும் பாத்தோம். எறக்கத்துல சுத்திக்கிட்டே போச்சு. ஒரு கதவு தொறந்திருந்துச்சு. உள்ள ஆள் இருந்தாங்களா, முன்னாடியே எறங்கிட்டாங்களா, தெரியல. கத்தினோம். வேற என்ன பண்றது."

பிறகும் நாங்கள் விசாரித்தோம். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரோ கயிறு போட்டு இழுத்தார்கள் என்று ஒருவர். காரில் ஆளே இல்லை என்று இன்னொருவர். உறுதியாக யாருக்கும் தெரியவில்லை.

மஞ்சளுக்குப் பதில் செங்கல் நிறத்தில் இருந்த அந்த மூட்டையை அவள் கையில் வைத்துப் பார்த்தாள். "யார் பேருக்கு முடிஞ்சீங்க?"

"அதுதான் தெரியல."

"தெரியலன்னா எங்க கொண்டுபோய்ச் சேக்கறது?"

சமையலறையில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். அது அங்கேயே இருந்தது. நான் மயிலாப்பூர்ப் பக்கம் போனால் கோபுரம் என்னைப் பார்க்கிறது. தெருமுனைப் பிள்ளையார் சேறு கழுவிப் புது வேட்டியோடு உட்கார்ந்துகொண்டு, 'எனக்கா?' என்கிறார். தெரியலையே சாமி.

வாசகர் வட்டக் கூட்டம் தள்ளிப்போய் நடந்தது. ஜவுளிக்கடையின் தரைத்தளம் இன்னும் ஈர நாற்றம் அடித்தது. எழுந்து நின்றேன். கிண்டல் குறிப்புகளெல்லாம் கையில் இருந்தன. ஒன்றும் வரவில்லை. கடைசியில் வெள்ளைக் காரையும் சாம்பார்ப் பொடி முடிச்சையும் சொல்லிவிட்டு, இதைக் கேட்டேன்: "இந்த ஓட்டுநர் தனக்காக மட்டும் வேண்டிக்கிட்டான். அது சுலபம். நான் அது அவளா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். உள்ள ஒருத்தங்க இருந்திருந்தா, அது வேற யாராவதா இருக்கட்டும்னுதானே அதுக்கு அர்த்தம்? இதுக்கு எந்த சாமி காது குடுக்கும்? காது குடுத்திருந்தா, அந்த சாமிய நான் எப்படிப் போய்ப் பாக்கறது?"

கூட்டத்தைச் சிரிக்க வைப்பதற்காகவே அழைக்கப்படுகிற ஆள் நான். டீ ஆறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பெட்டியிலிருந்து இறங்கி வந்தார். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்பார் என்று காத்திருந்தோம்.

"முடிச்ச சேத்தாச்சா அண்ணாச்சி?"

"இல்ல. பேர் தெரியலயே."

அவர் முகம் மாறியது. உண்மையாகவே கவலைப்பட்டார். "வெளையாட்டில்ல, சொல்லுதேன் கேளுங்க. பழசு பாக்கி இருக்கும்போது புதுசா நேந்துக்கிடக் கூடாது. செல்லாதுல்லா. அடுத்த மழைக்கு முன்னாடி எங்கனயாவது கொண்டுபோய்ச் சேத்துருங்க."

பாயிடம் கேட்டேன். அவர் கணக்கில் சிக்கலே இல்லை. "பேரு எதுக்கு சார்? வூட்டம்மா வந்து சேந்துட்டாங்க, இல்லாதவங்களுக்குக் குடுத்துட்டுப் போ." கேட்க நன்றாக இருந்தது. சிக்னலில் கை நீட்டிய ஒருவரிடம் கொடுக்கக் கொண்டுபோனேன். அவர் கழுத்தில் கட்டம் போட்ட அட்டை தொங்கியது. சாம்பார் வாசனை அடிக்கும் மூட்டையைப் பார்த்து, "இன்னா சார் இது, செய்வினையா?" என்று இரண்டடி பின்னால் போனார். திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

அடுத்த மழையும் வந்துவிட்டது.

இதை எழுதுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால். போனில் எச்சரிக்கை அலறியது. அவள் சாவியை எடுத்தாள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். பழையது பாக்கி. புதியது செல்லாது. கறுப்புச் சட்டைக் குடும்பத்தில் பிறந்து, கூப்பிட ஒரு சாமிகூட மிச்சமில்லாமல் நின்றேன். அப்பா சாமி இல்லை என்று சொன்னபோது எவ்வளவு தெம்பாக இருந்தார். எனக்கு எல்லாச் சாமியும் இருக்கிறார்கள், எல்லாரிடமும் பாக்கி.

மூட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

"நீங்க எங்க?"

"நானும் வர்றேன்."

"தண்ணில வருவீங்களா?"

"கண்ண மூடிக்கிட்டு வருவேன்."

அப்படித்தான் போனேன். பாலத்தின்மேல் எங்களுக்கு முன்பே வரிசை. எலுமிச்சம்பழம், பிறை, சிலுவை. முன் காரில் ஒரு குடும்பம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆட்டோ கிடைக்கவில்லை. மழை கண்ணாடியில் அறைந்தது. கீழே பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கீழேயே பார்த்தேன். இறக்கத்தில் தண்ணீர் சேர ஆரம்பித்திருந்தது.

"அந்தக் கடைசி அத்தியாயம்" என்றேன், பேச்சை மாற்ற. "நான் இன்னும் படிக்கல."

"தெரியும். அதுல உங்க கிண்டல் ஒண்ணும் எழுதலயே." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "வெளிய எடுத்துடறாங்க. எடுத்ததும் அவன் மறுபடி அந்த பஸ்ஸுக்குள்ள போகணும்ங்கறான். படத்த எடுக்கறதுக்கு. பாதி பேச்சுல தூக்கிட்டாங்களாம், முடிக்கணுமாம்."

நான் வைப்பரோடு சேர்ந்து தலையை ஆட்டினேன்.

"அன்னிக்குப் பகல் பூரா இங்க தனியா இருந்தியே, பயமா இல்லியா?"

"இருந்துது."

"யாரைக் கும்பிட்ட?"

"யாரையும் இல்ல." என் பக்கம் திரும்பவில்லை. "உங்களத்தான் திட்டிக்கிட்டே இருந்தேன். சத்தமா. பக்கத்துக் கார்க்காரர் ரெண்டு தடவ எட்டிப் பாத்தார். மேடு, மேடுன்னு சொல்லுவீங்களே, அதுலேருந்து ஆரம்பிச்சுக் கல்யாணத்தன்னிக்குத் தாலி கட்டத் தெரியாம முழிச்சது வரைக்கும். திட்டறத நிறுத்தினா பயமா இருந்துது."

பையிலிருந்த மூட்டையைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை கைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது. மூடிய காருக்குள் சாம்பார் வாசனை எழுந்தது.

இறக்கத்தின் அடியில், தண்ணீருக்கு அந்தப் பக்கம், ஒரு வெள்ளைக் கார் உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். அவள் ஹாரனை அழுத்தினாள். நான் கண்ணாடியை இறக்கி, மழைக்குள் தலையை நீட்டி, வராதே, திரும்பிப் போ என்று கத்தினேன். முன் காரில் தயிர்சாதம் சாப்பிட்டவர்களும் கத்தினார்கள். அந்தக் காருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது.